பிசீன் எழும்பிய மழைக்காலம்

ஆடி மாதம் என் கணவர் இறந்தார். புரட்டாசியில், கடற்கரையோரம் இருந்த ஒரு கிளப்பின் பிசீனைப் பிரித்துக் கட்டும் வேலையை நான் ஒப்புக்கொண்டேன். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கேட்டால் அதிகம் சொல்லத் தெரியாது. மஞ்சள் காமாலை. முற்றிய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். திரும்பக் கொண்டுவந்தோம். வந்த பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். நான் அவர்கள் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"நெஞ்சடைச்சுப் போயிருக்குறா, அவள அழ உடுங்க" என்று ஒரு பெரியம்மா எல்லோரையும் விலக்கினாள்.

விலகினார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அடுப்பில் பால் பொங்கப் போகிறதே, யாராவது இறக்குவார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிசீன் என்றால் நீச்சல் குளம். புதுச்சேரியில் எங்களுக்கு அப்போது அதற்கு வேறு சொல் தெரியாது. பிரெஞ்சுக்காரர்கள் சொன்னதை நாங்களும் சொன்னோம். என் கணவர் முதலில் பஞ்சாலையில் இருந்தவர். ஆலையில் ஆள் குறைத்தபோது வெளியே வந்து கிணறு தூர்வாரும் வேலைக்குப் போனார். அதிலிருந்து வெள்ளைக்காரர் வீடுகளில் தண்ணீர்த் தொட்டி கழுவும் வேலை கிடைத்தது. அதிலிருந்து கிளப்பின் பிசீன். ஊரில் பிசீன் இருந்த இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அதனால் அந்த வேலை தெரிந்தவர்களும் குறைவு. தண்ணீரை இறைத்து வெளியேற்றி, தரையையும் சுவரையும் தென்னைநார் பிரஷ்ஷால் தேய்த்து, பாசி பிடிக்காமல் இருக்க மயில்துத்தம் கலந்து, அன்றைக்கே மறுபடியும் நிரப்ப வேண்டும். தேய்க்கிற அன்று நானும் போவேன். அவருடைய தம்பி, என் கொழுந்தன், மோட்டார் பம்பைப் பார்த்துக்கொள்வார். கூட இரண்டு மூன்று ஆட்கள். மழைக்காலத்தில் யாரும் குளிக்க வரமாட்டார்கள் என்பதால் ஐப்பசி தொடங்கி தை வரைக்கும் பிசீனை நிரப்பியபடியே விட்டுவிடுவோம். அது வழக்கமே தவிர, அதற்கு வேறு காரணம் இருப்பதாக நாங்கள் யாரும் நினைத்ததில்லை.

கருமாதி முடிந்த சில நாட்களில் கிளப்பின் காரியதரிசி ஆள் அனுப்பினார். அவர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழர், ஐம்பது வயதுக்காரர், எப்போதும் கோட்டுப் போட்டிருப்பார். ஊர் இந்தியாவின் கைக்கு வந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கிளப்பில் பழைய பிரெஞ்சுக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறிக்கொண்டிருந்தார்கள். புதிதாக வந்த அதிகாரிகள் உறுப்பினர்களாகச் சேர்ந்தார்கள். அவர்களுக்குப் பிசீன் பழசாக, அசிங்கமாகத் தெரிந்தது. பெயர்ந்த பூச்சை எடுத்துவிட்டு நீல ஓடு பதிக்க வேண்டும், விளிம்புக் கல்லை மாற்ற வேண்டும், குழந்தைகள் நிற்கிற பக்கத்தை மேடாக்க வேண்டும் என்று முடிவு செய்திருந்தார்கள்.

நானும் கொழுந்தனும் போனோம். காரியதரிசி என்னைப் பார்த்துப் பேசுவதா, அவரைப் பார்த்துப் பேசுவதா என்று தெரியாமல் இரண்டு பேருக்கும் நடுவில் இருந்த பூந்தொட்டியைப் பார்த்துப் பேசினார்.

"உங்களால முடியுமான்னு கமிட்டியில கேக்குறாங்க. இல்லன்னா மெட்ராஸ்லேர்ந்து ஆள் வரும். அதுக்கப்புறம் சுத்தம் பண்றதும் அவங்ககிட்டயே போயிடும்."

"முடியும் சார்" என்றார் கொழுந்தன். "கொத்தனாருங்க இருக்குறாங்க. அண்ணன் இருந்தா இன்னா செய்வாரோ அத நான் செய்யறேன்."

"அசுரான்ஸ் இருக்கா?"

கொழுந்தன் என்னைப் பார்த்தார். இருக்கிறது என்று நான் சொன்னேன். இன்ஷூரன்ஸை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பிரெஞ்சுக் காலத்திலிருந்தே அது இல்லாமல் பிசீனுக்குள் யாரையும் இறங்க விடமாட்டார்கள். அதனால் என் கணவர் வருஷா வருஷம் கட்டிவந்தார். அதற்கு மேல் எனக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது.

ஏஜெண்ட் துறைமுகத்துக்குப் போகும் தெருவில் ஒரு மாடி அறையில் இருந்தார். வயதானவர், சட்டைக்காரர்களைப் போல கோட்டும் தொப்பியுமாக உடுத்துவார், வீட்டில் பிரெஞ்சு பேசுகிற தமிழ்க் குடும்பம். முசே, அதாவது ஐயா, என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். நான் தனியாகத்தான் போனேன். மாமியார் தடுக்கவில்லை. கதவு வரைக்கும் வந்து, "முக்காடு போட்டுக்கினு போ" என்று மட்டும் சொன்னார்.

முசே எழுந்து நின்று வரவேற்றார். என்னை மதாம் என்றார். துக்கம் விசாரித்தார். பிறகு உட்காரச் சொல்லி நிதானமாகப் பேசினார்.

"மதாம், உங்க வீட்டுக்காரர் எடுத்து வச்சிருந்தது சுத்தம் பண்ற வேலைக்கு. தேய்க்கறது, தண்ணி மாத்தறது, மருந்து போடறது. சுவத்தை ஒடைச்சா அது வேற வேலை. தரையைப் பேத்தா வேற வேலை. அதுக்குத் தனியாச் சொல்லணும், தனியாக் கட்டணும். சொல்லாம செஞ்சா ஒண்ணும் கெடைக்காது."

"சரிங்க முசே."

"மூணு விஷயம் இருக்குது. வேலை செய்யற ஆளுக்கு அடிபட்டா? அதுக்கு நான் எழுதித் தரேன். நீங்க ஒடைக்கறப்ப பக்கத்து வீட்டுச் சுவர் விரிசல் விட்டா? அதுக்கும் எழுதித் தரேன். பிசீனுக்கே எதுனா ஆச்சுன்னா? அது முடியாது. உங்க கையில ஒப்படைச்ச பொருளுக்கு நாங்க பொறுப்பு எடுக்கறதில்ல. அதை கிளப்புக்காரங்கதான் அவங்க அசுரான்ஸ்ல சேத்துக்கணும். மராமத்து நடக்குதுன்னு அவங்க கம்பெனிக்குச் சொல்லச் சொல்லுங்க."

நான் தலையாட்டினேன். அவர் சொன்னதெல்லாம் புரிந்தது. அந்த நாட்களில் எல்லாமே நன்றாகப் புரிந்தது, ஆனால் புரிந்ததும் அதோடு நின்றுவிடும், உள்ளே போகாது.

"இறந்தவர் பேர்ல இது ஓடாது" என்றார் முசே. "இப்ப பத்ரோன் யாரு?"

பத்ரோன் என்றால் முதலாளி. கொழுந்தன் பெயரைச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன்.

"அவர் பிசீனுக்குள்ள இறங்கி வேலை செய்யறவரா, மேல நின்னு பாக்கறவரா?" என்று கேட்டார்.

"எப்பவும் உள்ளதாங்க இருப்பாரு."

"அப்ப யோசிச்சுச் சொல்லுங்க. பத்ரோன்னு எழுதிட்டா, அவருக்கு அடிபட்டா ஒரு சல்லி வராது. இது வேலையாளுங்களுக்கு உள்ளது."

"அப்ப என் பேர்ல எழுதுங்க" என்றேன்.

அப்படித்தான் நான் முதலாளி ஆனேன். அதில் பெருமையும் இல்லை, கூச்சமும் இல்லை. வீட்டுக்கு வந்து கொழுந்தனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சிரித்துவிட்டார்.

"பேருல இன்னா அண்ணி இருக்குது? யார் பேருல இருந்தா இன்னா, எழுதிக்குங்க."

அவர் மனைவி, என் ஓரகத்தி, பக்கத்தில் நின்று குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்தாள். மாமியார் மட்டும் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

பிசீனைப் பற்றி முசே சொன்னதைக் காரியதரிசியிடம் போய்ச் சொன்னேன். "எங்களுக்குப் பெரிய அசுரான்ஸ் இருக்குதும்மா, நெருப்பு, புயல் எல்லாம் அடக்கம்" என்றார். மராமத்து நடப்பதைக் கம்பெனிக்குச் சொல்ல வேண்டுமாம் என்றேன். சொல்லிவிடுகிறேன் என்றார். சொன்னாரோ இல்லையோ, கேட்க வேண்டியது என் வேலை இல்லை என்று வந்துவிட்டேன்.

வேலை தொடங்கியது. தண்ணீரை இறைத்தோம். கொழுந்தன் ஆட்களோடு உள்ளே இறங்கிப் பழைய பூச்சைக் கொத்தினார். விளிம்பில் இருந்த கனமான கருங்கல்லை எல்லாம் கடப்பாரையால் நெம்பி எடுத்து, ஒதுக்குப்புறமாக அடுக்கினார்கள். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஆட்களைக் கவனித்துக்கொண்டேன். நடுவில் கமிட்டிக்காரர்கள் வந்து பார்ப்பார்கள். "யாருப்பா பத்ரோன்?" என்று ஒருவர் கேட்டால், கொழுந்தன் கையைத் துடைத்துக்கொண்டு மேலே ஏறிவந்து, "நான்தாங்க" என்பார். எனக்கு அது தவறாகப் படவில்லை. அவர் அண்ணனைப் போலவே தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு நிற்பார். சில சமயம் திரும்பும்போது ஒரு கணம் எனக்கு ஆள் மாறித் தெரியும். அப்போதுகூட நெஞ்சில் எதுவும் அசையவில்லை. சரி, இது தம்பி என்று நினைத்துக்கொள்வேன்.

நீல ஓடு மெட்ராஸிலிருந்து வரவேண்டும். இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று காரியதரிசி சொல்லிக்கொண்டே இருந்தார். புரட்டாசி முடிந்தது. பிசீன் கொத்துப்பட்ட தரையோடு வெறுமையாகக் கிடந்தது. ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. வருஷா வருஷம் வருகிற மழைதான், ஆனால் அந்த முறை விடாமல் பெய்தது. வைத்திக்குப்பத்தில் படகுகளைத் தெருவுக்கே இழுத்துப் போட்டிருந்தார்கள். எங்கள் கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டியது. பிசீனில் தேங்குகிற மழைத்தண்ணீரைக் கொழுந்தன் தினமும் போய் பம்பு வைத்து இறைத்துவிட்டு வந்தார். கொத்திய தரை ஊறிக் கெட்டுவிடக் கூடாது என்று. நல்ல வேலைதான் செய்கிறார் என்று எல்லோரும் நினைத்தோம்.

ஒரு நாள் காலையில் அவர் ஒரு ஆளை ஓட்டமாக அனுப்பினார். அந்த ஆள் வாசலில் நனைந்தபடி நின்றான்.

"பிசீன் மேல வந்துடுச்சும்மா."

"மேல வந்துடுச்சுன்னா?"

"தரைய உட்டு மேல வந்துடுச்சு. நீங்க வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். மண்ணில் புதைத்து வைத்த அண்டாவை யாரோ அடியிலிருந்து தள்ளிவிட்டது போல இருந்தது. ஆழமான பக்கம் முழங்கால் உயரத்துக்குத் தரைக்கு மேலே எழும்பி நின்றது. ஆழமில்லாத பக்கம் இருந்த இடத்திலேயே இருந்தது. நடுவில் குறுக்காகப் பெரிய விரிசல். அதன் வழியாக மணலும் தண்ணீரும் உள்ளே கொப்பளித்துக்கொண்டிருந்தன. வடிகுழாய் முறிந்து துருத்திக்கொண்டிருந்தது. சுற்றிலும் இருந்த புல்தரை சேலை கசங்கியது போல மடிந்து கிடந்தது.

பின்னால் ஒரு இன்ஜினீயர் வந்து விளக்கிச் சொன்னார். கடற்கரை மணலில் மழைக்காலத்தில் நிலத்துக்கு அடியில் தண்ணீர் ஏறும். பிசீன் நிரம்பியிருந்தால் அதன் கனம் அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வெறுமையாக இருந்தால் அடியில் இருக்கிற தண்ணீர் அதைப் படகு மாதிரி தூக்கிவிடும். நாங்கள் விளிம்புக் கல்லை வேறு எடுத்து இன்னும் லேசாக்கியிருந்தோம். கொழுந்தன் தினமும் இறைத்த தண்ணீரை அப்படியே விட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்றார். எனக்கு அது தெரியாது. கொழுந்தனுக்குத் தெரியாது. கமிட்டியில் படித்தவர்கள் இத்தனை பேர் இருந்தார்களே, அவர்களுக்கும் தெரியாது. என் கணவருக்குத் தெரிந்திருக்குமா என்று மாமியார் ஒருமுறை கேட்டார். தெரிந்திருக்காது என்று சொன்னேன். அதுதான் உண்மை என்று இன்றைக்கும் நினைக்கிறேன்.

வாடகைக்கு எடுத்த பம்பு உள்ளே ஆழத்தில் சாய்ந்து கிடந்தது. மணல் அதை மூடிக்கொண்டு வந்தது. கொழுந்தன் ஏணியைப் போட்டார்.

"வேணாம் தம்பி, கெடக்கட்டும்" என்றேன்.

"பம்பு போச்சுன்னா அவனுக்கு யாரு பதில் சொல்றது?" என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். கயிற்றைக் கட்டி மேலே இருந்த ஆட்களிடம் நுனியை எறிந்தார். அவர்கள் இழுத்தார்கள். பம்பு நகர்ந்தது. அப்போது விரிசல் விட்ட சுவரின் ஒரு பகுதி, கதவு அகலத்துக்கு, அப்படியே பெயர்ந்து சாய்ந்தது. அவர் விலகிவிட்டார், வலது கால் மட்டும் சிக்கிக்கொண்டது.

வேறொருத்தியாக இருந்தால் கத்தியிருப்பாள். நான் ஏணியைப் பிடியுங்கள் என்றுதான் சொன்னேன், அதையும் சாதாரணக் குரலில்தான் சொன்னேன். ஆட்கள் குதித்துக் கடப்பாரையால் செங்கல்லை நெம்பினார்கள். கொழுந்தன் பல்லைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே எடுத்தபோது முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பியிருந்தது. கிளப்பின் காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஓரகத்தி வந்து வராந்தாவில் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இதே வராந்தாவில்தான் ஆடியில் நான் உட்கார்ந்திருந்தேன் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. நினைவுக்கு வந்ததே தவிர, அது என்னை ஒன்றும் செய்யவில்லை.

முசேவிடம் சொன்னேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு உடனே வந்து எழும்பி நின்ற பிசீனைச் சுற்றிப் பார்த்தார். "என் அனுபவத்துல இப்படிப் பாத்ததில்ல மதாம்" என்றார். மெட்ராஸிலிருந்து அவர் கம்பெனியின் இன்ஸ்பெக்டர் வருவார் என்றார். கிளப்பின் கம்பெனியிலிருந்தும் ஒருவர் வந்தார். அவர் குடையைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் எட்டிப்பார்த்துவிட்டுக் காரியதரிசியிடம் இங்கிலீஷில் பேசினார். காரியதரிசி என்னிடம் அதைத் தமிழில் சொன்னார்.

"புயலுக்குத்தான் அசுரான்ஸ் இருக்குதாம். தண்ணி மேலேர்ந்து வந்திருந்தா குடுப்பாங்களாம். இது கீழேர்ந்து வந்துச்சாம். அதோட மராமத்து நடக்குதுன்னு அவங்களுக்குத் தெரியப்படுத்தலையாம்."

"நான் சொன்னேனுங்களே."

"நீங்க சொன்னீங்க" என்றார். கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் முகத்தைப் பார்த்தால் ராத்திரி தூங்காதவர் போல இருந்தது.

ஆஸ்பத்திரியில் கொழுந்தனுக்குக் காலில் மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். மழை நின்ற ஒரு மத்தியானம் முசேவும் இன்ஸ்பெக்டரும் அங்கே வந்தார்கள். இன்ஸ்பெக்டர் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார். நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். ஓரகத்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் படுக்கைகளில் இருந்த ஆண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க யார்கிட்ட வேலை செய்யறீங்க?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"யார்கிட்டயும் இல்லீங்க. இது எங்க தொழிலு" என்றார் கொழுந்தன்.

"கூலி யார் குடுக்கறாங்க?"

"கூலியா? எங்கண்ணன் ஆரம்பிச்ச தொழிலுங்க. கூலிக்கு நாங்கதான் ஆளு வச்சிருக்குறோம். நான் கூலியாளு இல்ல."

இன்ஸ்பெக்டர் முசேவைப் பார்த்தார். முசே தொண்டையைச் செருமினார்.

"இவருக்கு ஜுரம் இருக்குது. நாளைக்கு வந்து கேப்போம்" என்று இன்ஸ்பெக்டரைத் தோளில் தொட்டு அழைத்துக்கொண்டு போனார். போகும்போது என்னிடம் மெதுவாக, "புரியவைங்க மதாம்" என்றார்.

புரியவைக்க என்னால் முடியவில்லை. நான் வாயைத் திறந்தாலே அது முதலாளி சொல்வது போல ஆகிவிடும் என்று பட்டது. ஓரகத்திதான் ஆரம்பித்தாள்.

"இன்னாத்துக்கு அப்படிச் சொன்னீங்க? வேலை செய்யறேன்னு ஒரு வார்த்தை சொன்னா இன்னா? கால் எப்படி ஆவும்னு டாக்டரே சொல்லமாட்டேங்குறாரு. அக்கா, நீங்க சொல்லுங்கக்கா."

"நான் இன்னாம்மா சொல்றது?" என்றேன்.

கொழுந்தன் என்னைப் பார்த்தார். "நான் ஒங்க கூலியாளா அண்ணி?"

"இல்ல தம்பி."

"அப்பறம் இன்னாத்துக்குச் சொல்லணும்? அன்னிக்கு எழுதறப்ப வெளையாட்டா எழுதிக்குங்கன்னேன். எல்லாரும் கேக்குறாப்பல என் வாயால சொல்லணும்னா எப்படி?"

மாமியார் அதுவரைக்கும் வாசலில் நின்றிருந்தார். கட்டிலின் கால்மாட்டில் வந்து உட்கார்ந்தார். உயரம் குறைவானவர், கட்டிலில் உட்கார்ந்தால் கால் தரைக்கு எட்டாது.

"ஒங்கண்ணன் உசிரோட இருந்து, அவன் பேருல எழுதியிருந்தா, அவன்கிட்ட வேலை செய்யறேன்னு சொல்லியிருப்ப இல்ல?"

"அது அண்ணன்."

"அவன் பூட்டான்" என்றார் மாமியார்.

இரண்டு பிள்ளைகளைப் பெற்றவர். அவர் குரலும் என் குரலைப் போலவே அழுகை இல்லாமல் இருந்தது. வீட்டில் என்னைத் தவிர இன்னொருத்தரும் இப்படித்தான் இருக்கிறார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து அதே கேள்வியைக் கேட்டார். கொழுந்தன் எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"அண்ணிகிட்ட."

"யார் அவங்க?"

மோவாயால் என்னைக் காட்டினார். "அவங்கதான்."

"அவங்கதான் உங்க முதலாளியா?"

"ஆமாங்க."

"கூலி?"

"சனிக்கெழம சனிக்கெழம குடுப்பாங்க."

அது பொய் இல்லை. சனிக்கிழமைகளில் வந்ததைப் பிரித்து அவர் கையிலும் நான்தான் கொடுத்தேன். ஆனால் வீட்டில் அதற்குக் கூலி என்று யாரும் பெயர் வைத்ததில்லை. இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். பக்கத்துப் படுக்கைக்காரர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். கொழுந்தன் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டார்.

நஷ்டஈடு தை மாதம் வந்தது. பெரும்பகுதி வைத்தியத்துக்கும் வீட்டுக்கும் போயிற்று. மிச்சத்தில் ஓரகத்தி ஒரு தையல் மிஷின் வாங்கினாள். கிளப்பில் எங்கள் மேல் வழக்குப் போடுவதா வேண்டாமா என்று கமிட்டியில் பேசியிருக்கிறார்கள். காரியதரிசி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஒங்ககிட்ட கேட்டா ஒங்களால குடுக்க முடியுமா?" என்றார்.

"முடியாதுங்க."

"அதத்தான் நானும் சொன்னேன். செஞ்ச வேலைக்கு இனிமே எதுவும் கேக்காதீங்க. அவங்களும் கேக்கமாட்டாங்க."

சரி என்றேன். எழும்பிய பிசீனைக் கொஞ்ச நாள் அப்படியே வைத்திருந்தார்கள். பிறகு ஆட்களை வைத்து உடைத்து, குழியை மணலால் மூடி, அதன் மேல் புல் போட்டார்கள். நான் ஒருமுறை அந்த வழியாகப் போனபோது அதிகாரிகளின் குழந்தைகள் அங்கே பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள்.

கொழுந்தனின் கால் கூடியது, ஆனால் முழங்கால் மடங்கவில்லை. ஏணி ஏற முடியாது. என் கணவரின் பழைய சிநேகிதர்கள் சொல்லி, ஆலை வாசலில் காவல் வேலை வாங்கிக் கொடுத்தார்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொள்ளலாம். தொழிலுக்கு அவர் திரும்பி வரவில்லை. நானும் கூப்பிடவில்லை. வீடு ஒன்றுதான், அடுப்பு மட்டும் அந்த வருஷம் இரண்டாயிற்று. யாரும் சண்டை போட்டுப் பிரியவில்லை. ஓரகத்தி ஒரு நாள் தன் சட்டியை எடுத்துப் பின்கட்டில் வைத்தாள், அவ்வளவுதான். மாமியார் ஒரு வேளை அங்கே சாப்பிட்டார், ஒரு வேளை இங்கே சாப்பிட்டார். ஒருமுறை ஏதோ பாத்திரம் கேட்க நான் பின்கட்டுக்குப் போனபோது கொழுந்தன் மனைவியிடம், "மொதலாளி வந்திருக்காங்க பாரு, பாயெடுத்துப் போடு" என்றார். அவர் கேலியாகச் சொன்னாரா, மனதில் வைத்துச் சொன்னாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஓரகத்தி முகம் சுருங்கியது. நான் பாயில் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தேன்.

தொழிலை நான் விடவில்லை. விடுவதற்கும் ஒரு தீர்மானம் வேண்டுமே, அது என்னிடம் இல்லை. தண்ணீர்த் தொட்டிகள் இருந்தன. இரண்டு பெரிய வீடுகளில் சின்ன பிசீன் இருந்தது. பிறகு வெளியூர்க்காரர் ஒருவர் வாங்கிய மாளிகையிலும் ஒன்று கட்டினார்கள். மராமத்து என்று யாராவது கேட்டால் முதலில் முசேவிடம் போவேன். அவர் இறந்த பிறகு அந்த இடத்துக்கு வந்தவரிடம் போவேன். வீட்டுக்காரர் தன் கம்பெனிக்குத் தெரியப்படுத்திவிட்டார் என்று என் கண்ணால் பார்க்காமல் கடப்பாரையைத் தொட விடமாட்டேன். பங்குனி, சித்திரையைத் தவிர வேறு மாதத்தில் பிசீனை வெறுமையாக விடுவதில்லை. அப்படியும் வேலை நடுவில் மழை வந்தால், பூச்சு கெட்டாலும் கெடட்டும் என்று உள்ளே தண்ணீரை விட்டுவிடச் சொல்வேன். ஒரு அம்மாள், "இவ்வளவு பயமா உங்களுக்கு?" என்று கேட்டார். பயம் என்று சொல்ல முடியாது. பயந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்பார்கள். எனக்கு அப்படியெல்லாம் இல்லை. செய்ய வேண்டியதைச் செய்தேன்.

நாலைந்து வருஷம் கழித்து, ஊர் சட்டப்படியாகவும் இந்தியாவோடு சேர்ந்த வருஷம், சித்திரை வெயிலில், அந்த மாளிகையின் பிசீனில் தரை பூசிக்கொண்டிருந்தோம். பம்பு ஓடாமல் நின்றுவிட்டது. இரண்டு ஆட்கள் மாறி மாறிப் பார்த்தார்கள். சரியாகவில்லை. இதை மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போன ஒரு ஆள் தெருவில் சொல்லியிருக்கிறான். கொஞ்ச நேரத்தில் கொழுந்தன் காலை விந்தி விந்தி நடந்து வந்தார். நான் ஆள் அனுப்பவில்லை. அவருக்கு அன்றைக்கு ராத்திரிக் காவல், பகலில் தூங்கியிருக்க வேண்டியவர்.

என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு, மடங்காத காலை நீட்டி உட்கார்ந்து, பம்பைப் பிரித்தார். மூக்கில் வியர்வை சொட்டியது. ஸ்பானரைக் கேட்டுக் கையை நீட்டினார், எடுத்துக் கொடுத்தேன். வாஷர் தேய்ந்திருந்தது. பழைய சைக்கிள் டியூபை வெட்டி அதற்குப் பதிலாக வைத்து மாட்டினார். பம்பு ஓடியது.

"இது ரெண்டு நாளைக்குத் தாங்கும். புதுசு வாங்கிப் போட்டுடுங்க அண்ணி" என்றார்.

"சரி தம்பி. சாப்ட்டுப் போங்க."

மரத்தடியில் ஆட்களோடு உட்கார்ந்து சாப்பிட்டார். ஓரகத்திக்குக் கொஞ்சம் மீன் வறுவல் எடுத்து வாழையிலையில் சுற்றிக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார். அன்றைக்குச் சனிக்கிழமை. சாயங்காலம் ஆட்களுக்குக் கொடுக்க வேண்டியது என் மடியில் முடிந்திருந்தது. அவருக்கும் கொடுப்பதா, கொடுக்காமல் இருப்பதா என்று யோசித்தேன். கொடுத்தாலும் தப்பாகப் படும், கொடுக்காவிட்டாலும் தப்பாகப் படும். நான் யோசித்து முடிப்பதற்குள் அவர் எழுந்து, இலைப் பொட்டலத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வெயிலில் கேட்டைத் தாண்டிப் போய்விட்டார். ஆட்களைப் பார்த்து, சிமிட்டி காய்வதற்குள் அந்த மூலையை முடித்துவிடுங்கள் என்று சொன்னேன்.